இரசாயன அறிஞர் பேக்லாந்து

மரம் அறுக்கும் சாலைகளில் வாளின் பல்லிடையே உதிரும் தூளை மாந்தர் நெடுங்காலம் ஒரு பொருளாக மதித்தாரல்லர். சிலர் அடுப்பெரிக்க அள்ளிச் சென்றனர். சிலர் பனிக்கட்டியைப் பொதிந்து வைக்கப் பயன்படுத்தினர். எஞ்சியது சாலைப் புறத்தே குவிந்து கிடந்து மழையில் அழுகிற்று. அத்தூளும் நிலக்கரித் தாரில் பிறந்த பிசினும் கூடி, கல் போல் இறுகி, நெருப்புக்கு இளகாது, மின்சாரத்துக்கு வழிவிடாது நிற்கும் புதுப்பொருளாக மாறியமை ஒருவரது வாழ்க்கையோடு பிணைந்த வரலாறாம். எம் கல்லூரி ஆய்வுக் கூடத்திலே உடைந்து வீழ்ந்த பழைய கருநிற மின்விசைக் குமிழ் ஒன்றை அண்மையில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து நோக்கினோம். வெளிப்புறம் கண்ணாடி போல் வழவழத்த அதன் முறிவாயில் நுண்ணிய மரத்துணுக்குகள் செறிந்து கிடக்கக் கண்டோம். அவற்றை அங்குச் சேர்த்து வைத்தவர் யார் என்னும் வினாவே யாம் இதனை வரையக் காரணமாயிற்று.

லியோ ஹென்றிக் பேக்லாந்து என்பார் 1863-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் பெல்ஜிய நாட்டுக் கெண்ட் நகரில் பிறந்தார். தந்தையார் செருப்புத் தைக்கும் தொழிலினர், கல்வி பயிலாதவர். தாயார் செல்வர் இல்லங்களில் ஏவற்பணி புரிந்தவர். மகனும் தம்முடன் அமர்ந்து தோல் தைத்தலே தக்கதெனத் தந்தை எண்ணினார். அவனைப் பள்ளிக்கு அனுப்பியே தீர்வதெனத் தாய் உறுதி பூண்டார். தாயின் உறுதியே வென்றது. பிள்ளையும் அவ்வுறுதிக்குக் குறைவு நேராத வகையில் பயின்று, நகராட்சியார் வழங்கிய உதவிச் சம்பளம் பெற்று, 17 வயதில் கெண்ட் பல்கலைக் கழகம் புகுந்தார். 21-ஆம் வயதிலே மிக உயர்ந்த சிறப்புடன் டாக்டர் பட்டமும் பெற்றார். மாணவப் பருவத்தில் நிழற்படக் கலையில் பெருவேட்கை கொண்டு, அதற்கு வேண்டிய வெள்ளி உப்பை விலைக்கு வாங்கப் பொருளின்றி, தந்தை அளித்த கடிகாரச் சங்கிலியின் வெள்ளியை அமிலத்தில் கரைத்து உப்பாக்கினார் என்றொரு செய்தி சொல்வர்.

அவர்க்கு இரசாயனம் கற்பித்தவர் பேராசிரியர் தியோடோர் சுவார்ட்ஸ். ஆசிரியர்பால் பேக்லாந்து இரு பொருள் பெற்றார். ஒன்று இரசாயன அறிவு, மற்றொன்று அவர் மகள் செலீன் அம்மையார். 1889 ஆகஸ்டு 8-ஆம் நாள் திருமணம் நிகழ்ந்தது. அதே ஆண்டில் பயண உதவித்தொகை ஒன்றனைத் துணையாகக் கொண்டு இருவரும் அமெரிக்கா சென்றனர். கெண்டில் துணைப் பேராசிரியர் பதவி காத்திருந்தது. எனினும் நியூயார்க்கில் கொலம்பியாக் கல்லூரிப் பேராசிரியர் சாந்தலர் அவரது திறன் கண்டு அந்நாட்டிலேயே தங்குமாறு அறிவுறுத்தினார். அந்தோணி என்பாரது நிழற்படப் பொருள் வாணிக நிலையத்தில் வேலையும் கிடைத்தது. பதவியைத் துறந்து புதுநாட்டில் காலூன்றுவதென முடிவு செய்தார்.

இரண்டாண்டுகளில் அவ்வேலையையும் விடுத்துத் தனித்து ஆலோசனைத் தொழில் தொடங்கினார். இங்கேதான் அவர் வாழ்வில் முதற்பெருந் துன்பம் நேர்ந்தது. ஒரே காலத்தில் பற்பல புதுமைகளில் மனத்தைச் செலுத்தி, ஒன்றையும் முற்ற முடியாமல் கைப்பொருள் கரையக் கடனாளியானார். கடும் நோயும் வந்துற்றது. படுக்கையில் கிடந்த நாட்களில், இனி ஒன்றனையே பற்றி அதனை முடித்தே விடுவதென உறுதி கொண்டாராம். அவர் பற்றிய ஒன்று, விளக்கொளியில் படம் பதிக்கவல்ல காகிதம். அக்காலத்துப் படக்காரர் கதிரவன் ஒளியை எதிர்நோக்கி, மேகம் மூடிய நாளில் தொழில் நின்று தவித்தனர். பேக்லாந்தும் லியோனார்டு யாக்கோபி என்னும் கூட்டாளியும் 1893-இல் யாங்கர்ஸ் நகரில் நெப்பேரா இரசாயனக் கழகம் நிறுவி, வெலாக்ஸ் என்னும் பெயரில் அக்காகிதத்தை விற்றனர். தொழில்முறைப் படக்காரர் அதனோடு வைத்த குறிப்பைப் படித்துப் பார்க்கவும் மனமின்றிப் பழைய வழக்கப்படி கையாண்டு கெடுத்தனர்; பொழுதுபோக்காகப் படம் பிடிப்போரோ குறிப்பின்படி செய்து நன்மை கண்டனர். கைப்பழக்கம் மிக்கவர் புதுமையை ஏற்பதில் பின்தங்குதல் எல்லாத் துறையிலும் காணப்படுவதே போலும். 1899-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அந்நிறுவனத்தை ஏறக்குறைய 7,50,000 டாலருக்கு வாங்கினார். 36 வயது நிரம்பா முன்னர் பேக்லாந்து செல்வரானார். அச்செல்வத்துக்கு முன்பே அவரும் அம்மையாரும் ஓரிழப்பைத் தாங்கியிருந்தனர். தலைமகள் ஜென்னி ஐந்து வயதில் விஷக் காய்ச்சலால் இறந்தனள்.

செல்வம் வந்தபின் ஓய்ந்திருத்தல் அவர் இயல்பன்று. ஹட்சன் ஆற்றின் கரையில் ஸ்நக் ராக் என்னும் மாளிகையை வாங்கி, அதன் வளாகத்திலேயே ஆய்வுக்கூடம் அமைத்தார். நிழற்பட ஆராய்ச்சியில் மீண்டும் இறங்குவதில்லை என்று ஈஸ்ட்மனுடன் உடன்பட்டிருந்தமையால் வேறு துறை தேட வேண்டியவரானார். 1900-இல் பெர்லின் சென்று மின்-இரசாயனம் பயின்று வந்தார். பேராசிரியராக இருந்தவர் மீண்டும் மாணவர் பலகையில் அமர்ந்தமையை யாம் சிறப்பாகக் கருதுகின்றோம். நயாகராவில் ஹூக்கர் கழகத்தார் உப்பிலிருந்து காரமும் குளோரினும் பிரிக்கும் சாலை நிறுவுங்கால் அவரே ஆலோசகராய் உதவினார். இது நிற்க.

அக்காலத்தில் மின்சாரத் தொழில் விரைந்து வளர்ந்தது. கம்பிகளைச் சுற்றவும் கருவிகளைக் காக்கவும் மின்சாரம் கடவாப் பொருள் ஏராளமாக வேண்டியிருந்தது. அதற்குப் பெரிதும் பயன்பட்டது அரக்கு. அஃது எங்கிருந்து வந்தது? நமது இந்திய நாட்டிலிருந்தே. சிறப்பாகச் சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து. அங்குப் புரசும் குசும்பமும் போன்ற மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் ஒட்டிப் பல்லாயிரமாய்க் கூடிச் சுரக்கும் பிசினைச் சுரண்டி எடுத்து உருக்கித் தகடாக்கி அனுப்பினர். பூச்சியின் வேகத்துக்கு மின்சார உலகம் காத்திருக்குமோ? தேவை பெருகப் பெருக விலை ஏறிற்று. அரக்குக்கு மாற்றுக் காண்பவர் பெரும்பொருள் ஈட்டுவர் என்பதைப் பேக்லாந்து உணர்ந்தார்.

அவர் கையிலெடுத்த பொருள்கள் புதியவை அல்ல. நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கார்பாலிக் அமிலம் எனப்படும் பினாலும், மரச்சாராயத்திலிருந்து ஆக்கும் பார்மால்டிஹைடும் சேர்ந்தால் பிசின் போன்றதொரு பொருள் தோன்றும் என்பதை 1872-இலேயே ஜெர்மானிய அறிஞர் பேயர் கண்டிருந்தார். ஆயினும் அவர்க்குச் சாயப் பொருளிலேயே நாட்டம். கண்ணாடிக் கலத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு எத்திராவகத்திலும் கரையாத அப்பிசின் அவர்க்குத் தொல்லையாகவே தோன்றிற்று. பின்வந்தோர் சிலரும் முயன்று கைவிட்டனர். வினை கடுமையாக நிகழுங்கால் வெப்பம் பொங்கி நீராவியும் வாயுவும் எழ, பிசின் நுரைத்துக் கடற்பஞ்சு போல் துளையுற்று உருக்குலைந்தது. வெப்பத்தை அடக்கி மெல்லச் செய்தாலோ பொருள் முற்ற இறுகவில்லை. இவ்விரண்டுக்குமிடையே வழி காணாமல் யாவரும் நின்றனர்.

பேக்லாந்தும் தர்லோ என்னும் உதவியாளரும் முதலில் கண்டது அரக்கைப் போல் சாராயத்தில் கரையும் பிசின் ஒன்று. நோவோலாக் என்று அதற்குப் பெயரிட்டனர். அதற்குச் சந்தையில் எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. அப்பொழுது பேக்லாந்தின் எண்ணம் வேறொரு திசையில் சென்றது. மென்மரத்துக்குள் இவ்விரு திரவங்களையும் ஊறச்செய்து உள்ளேயே இறுகச் செய்தால், மலிந்த மரமும் வன்மரம் போல் உறுதி பெறாதோ என்பது அவ்வெண்ணம். 1907 ஜூன் திங்களில் மரத்துண்டுகளைத் திரவத்தில் ஊறவைத்து, மூடி அடைத்த குழாய்களில் இட்டுச் சூடேற்றினார். விளைவு அவர் எதிர்பார்த்தபடி இல்லை. மரத்தின் மேற்பரப்பு வன்மை பெறவில்லை. ஆனால் மரத்திலிருந்து கசிந்து குழாயில் தங்கிய பிசின் மிகக் கடினமாய் இறுகியிருந்தது. வேறொருவராயின் சோதனை தவறியதென்று குழாயைக் கழுவ முயன்றிருப்பர். அவரோ மரத்தை விடுத்துக் கசிவைப் பற்றினார். அக்கசிவை மட்டும் மூடிய கலத்தில் இட்டுக் காய்ச்சினால் செல்லுலாய்டுக்கும் வன்ரப்பருக்கும் மாற்றாகும் என்று நாட்குறிப்பில் பதித்து, பின்வந்த சில நாட்களில் பெற்ற பொருள்களுக்கு எழுத்து வரிசைப்படி பெயரிட்டுக்கொண்டே சென்றார். நான்காவதே அவர் தேடியது.

அவர் கண்ட மறையை எளிதில் சொல்லிவிடலாம். பிறர் வெப்பத்துக்கு அஞ்சிக் குறைத்தனர். இவர் வெப்பத்தை உயர்த்தி, அதனோடு அழுத்தத்தையும் உயர்த்தினார். நீரின் கொதிநிலைக்கு மேற்பட்ட சூட்டில், மூடிய இரும்புக் கலத்துக்குள் காற்றழுத்தம் மிகுந்து நிற்க, வாயு குமிழியாய் எழ இயலாது அடங்கியது. பிசின் துளையின்றிச் செறிவுற்று இறுகிற்று. வினையை மூன்று நிலைகளாக நிறுத்தவும் அவர் கற்றார். முதல் நிலையில் அது பாகு போன்றது, கரையும். இடைநிலையில் குளிர்ந்தால் திண்மை, சூட்டில் இளகும். இறுதி நிலையில் இளகாது, கரையாது. பினால் அணுத்திரளில் பிணைதற்குரிய இடங்கள் மூன்று உள. பார்மால்டிஹைடு அவற்றை ஒன்றோடொன்று தொடுத்து முப்புறமும் விரியும் வலையாக்கிவிடுகின்றது. அவ்வலை முழுதும் ஒரே திரளாதலின் மீண்டும் உருகுதற்கு இடமில்லை. 1907 ஜூலை 13-ஆம் நாள் பேட்டண்டு உரிமைக்கு விண்ணப்பம் செய்தார். 1909 டிசம்பர் 7-இல் உரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் சுவின்பர்ன் என்னும் பொறியியலறிஞரும் இதே வழியைத் தனித்துக் கண்டு உரிமை கோரச் சென்றபோது, பேக்லாந்து ஒரு நாள் முந்திவிட்டமை அறிந்தார். பிற்காலத்தில் அவ்விருவரும் பகைமை பாராட்டாது, பிரிட்டனில் தோன்றிய பேக்கலைட் நிறுவனத்துக்குச் சுவின்பர்னே தலைவரானார்.

1909 பிப்ரவரியில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் நியூயார்க்குக் கிளையில் இப்புதுப்பொருளை வெளியிட்டார். தம் பெயரைத் தழுவியே பேக்கலைட் என்று அதற்குப் பெயரிட்டார். மறு ஆண்டில் ஜெனரல் பேக்கலைட் கழகம் தோன்றி, நியூ ஜெர்சியைச் சார்ந்த பெர்த் அம்பாயில் சாலை நிறுவிற்று.

இனி மரத்தூளுக்கு வருவோம். பேக்லாந்தைப் பற்றி எழுதுவோர் பிசினையே புகழ்ந்து இதனைக் கடந்துவிடுவர். அது நேரிதன்று என்பது எம் கருத்து. தனித்த பேக்கலைட் அம்பர் நிறத்தது, அழகியது. ஆனால் நொறுங்குந் தன்மையது. அடித்தால் கண்ணாடி போல் சிதறும், இறுகுங்கால் சுருங்கிப் பிளவுறும், விலையும் குறைந்ததன்று. இம்மூன்று குறைகளையும் ஒருங்கே நீக்கியது மரமாவு. இழைப்புச் சாலைகளிலும் அறுப்புச் சாலைகளிலும் கழிந்த பைன் முதலிய மென்மரச் சிதறல்களை உலர்த்தி, அரைத்து, சல்லடையிட்டு மாவாக்குவர். பிசின் தூளையும் மரமாவையும் ஏறக்குறையச் சமனிறையாகச் சேர்த்து, சிறிது சுண்ணாம்பும் நிறப்பொருளும் கூட்டி, சூடேறிய உருளைகளினிடையே பிசைந்து தகடாக்கி, அதனை மீண்டும் பொடிப்பர். இப்பொடியே வார்ப்புத் தூள். அதனை எஃகு அச்சிலிட்டுப் பெருநீர்விசை எந்திரத்தால் அழுத்திச் சூடேற்றினால், சில நிமிடங்களில் அச்சின் உருவம் முழுதும் எடுத்து இறுகிய பண்டம் வெளிப்படும். அதனைச் செதுக்கவோ மெருகிடவோ பெரிதும் வேண்டுவதில்லை.

மரமாவு ஏன் இவ்வளவு பொருந்திற்று? மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் தானே பினால் இனத்தோடு உறவுடையது. ஆதலின் பிசின் மரத்தை வெறுத்து ஒதுங்காது அதன் நுண்ணறைகளுக்குட் புகுந்து பற்றிக்கொள்கின்றது. மர இழைகள் பிசினுக்குள் நாற்றிசையும் கிடந்து, ஓரிடத்தில் தோன்றிய கீறல் பரவாது தடுக்கின்றன. வினையிற் பிறக்கும் நீரிலும் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றன. சுவருக்கு வைக்கோல் கலந்த மண் எப்படியோ, அப்படியே இப்பிசினுக்கு மரமாவு. மரத்தை வன்மையாக்கச் சென்று தோற்ற அறிஞர், தாம் கண்ட பிசினை வன்மையாக்க அம்மரத்தையே நாடவேண்டியவராயினார். பருத்திக் கழிவும், காகிதமும், கொட்டைத் தோடுகளின் மாவும் பின்னர் அதே பணிக்கு வந்தன. மிகுந்த சூடு தாங்கவேண்டிய இடங்களில் கல்நார் சேர்த்தனர். அதனால் விளையும் சுவாசக் கேட்டை உலகம் பின்னரே முழுதும் அறிந்தது. மரமாவு கலந்ததனால் பண்டம் ஒளிபுகாது கருமையும் கபிலமுமாய் அமைந்தது. தொலைபேசிக் கைப்பிடி, வானொலிப் பேழை, மோட்டார் வண்டியின் பொறியூட்டும் கருவி, பாத்திரக் கைப்பிடி ஆகியன எல்லாம் அந்நிறம் தாங்கி வந்தமைக்கு இதுவே காரணம்.

இவ்வழியில் வேறு கழிவுகளும் பிசினுலகுள் நுழைந்தன. ஓட்ஸ் தானியத்தின் உமியை அமிலத்தோடு காய்ச்சி பர்பூரால் என்னும் திரவம் வடிக்கும் தொழிலை 1922-இல் அமெரிக்காவில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனத்தார் தொடங்கினர். அது பார்மால்டிஹைடுக்கு மாற்றாகப் பினாலோடு கூடிப் பிசினாயிற்று. எண்ணெய் பிழிந்த சோயாப் பிண்ணாக்கைப் பினாற் பிசினோடு சேர்த்துத் தகடாக்கிய ஹென்றி போர்டு, 1940-இல் அத்தகைய மோட்டார் மூடியொன்றனைக் கோடரியால் ஓங்கி அடித்து அதன் உறுதியைப் பலர்க்குக் காட்டினார். நம் நாட்டு முந்திரிக்கொட்டைத் தோட்டின் எரிக்கும் எண்ணெயும் பினால் இனத்தைச் சார்ந்ததே. பருப்பெடுப்போர் கையைப் புண்ணாக்கும் அவ்வெண்ணெய் பார்மால்டிஹைடோடு கூடி, வண்டிகளின் பிரேக்குப் பட்டைகளில் இன்றும் பயன்படுகின்றது.

பேக்லாந்தின் பிற்கால வாழ்வை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உரிமையைப் பறித்தவர்மீது வழக்காடி வென்றார். வென்றபின் எதிரிகளை அழிக்காது 1922-இல் அவர்தம் நிறுவனங்களையும் தம்மோடு இணைத்துக்கொண்டார். 1916-இல் பெர்க்கின் பதக்கம் பெற்றார். 1924-இல் அமெரிக்க இரசாயனச் சங்கத் தலைவரானார். செல்வம் பெருகியும் படகோட்டுதலிலும் எளிய உடையிலுமே மகிழ்ந்தார். முதுமையில் தனிமையை விரும்பித் தகரக் குவளையில் அடைத்த உணவையே உண்டு வாழ்ந்தார் என்பர். நிறுவனத்தின் சுமையை மகன் ஜார்ஜ் ஏற்க விரும்பாமையால், 1939-இல் அதனை யூனியன் கார்பைடு கழகத்தார்க்கு விற்றுவிட்டார். தொழிலும் மரபும் ஒன்றாய்த் தொடர வேண்டுமென நினைத்த தந்தைக்கு இது எத்தகைய நாளாக இருந்திருக்குமென்பதை அவர் நாட்குறிப்பைப் பயில்வோர் ஆராயட்டும்.

அவர் கண்டதை யாம் குறையின்றிப் போற்ற இயலாது. இறுகிய பேக்கலைட் மீண்டும் உருகாது. உடைந்த பண்டத்தைப் புதுப்பண்டமாக வார்த்தல் இயலாது. அதனுட் புகுந்த மரத்தூளும் மண்ணோடு மண்ணாகும் உரிமையை இழந்துவிட்டது. முன்னர் மழையில் அழுகிக் கிடந்த குப்பை, இப்பொழுது அழுகாத குப்பையாகக் கிடக்கின்றது. பினாலும் பார்மால்டிஹைடும் அவற்றைக் கையாளும் தொழிலாளர்க்குத் தீங்கு பயப்பன. ஆகவேதான் இக்காலத்தார் மரமாவு, நெல்லுமி, தேங்காய்நார்த் தூள் முதலியவற்றை உருகவல்ல பாலித்தீன் போன்ற பிளாஸ்டிக்குகளோடு சேர்த்துப் பலகையாக்கி, மீண்டும் அரைத்து வார்க்க முயல்கின்றனர். ஆயினும் அவர்க்கு வேறு இடர் உண்டு. பாலித்தீன் எண்ணெய் இயல்பினது, மரம் நீர்விரும்பி. இரண்டும் தாமே பற்றுவதில்லை. இடையே இணைப்புப் பொருளொன்று சேர்க்க வேண்டும். மரமும் அதிகச் சூட்டில் கருகிவிடும். பினாற் பிசின் மரத்தைத் தழுவிய இயல்பான நட்பு இங்கில்லை. உருகும் பிசினின் பயனையும் பற்றும் பிசினின் உறுதியையும் ஒருங்கே பெறும் வழியை இரசாயனம் பயிலும் எம் இளைஞர் எண்ணிப் பார்க்கலாம். நெல்லாலைகளில் உமி இன்னும் மலைபோற் குவிகின்றது.

1944 பிப்ரவரி 23-ஆம் நாள் நியூயார்க்கு மாநிலத்துப் பீக்கன் என்னும் ஊரில் பேக்லாந்து மூளை இரத்தக்கசிவால் உயிர்நீத்தார். அகவை 80. அவர் எழுதிய நாட்குறிப்பேடுகள் 62-உம் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிலையத்தே வைக்கப்பட்டுள. அவர் முதன்முதல் பேக்கலைட்டை விற்பனைக்கு வடித்த முட்டை வடிவான இரும்புக் கலமும் அந்நிலையத்தைச் சார்ந்த அருங்காட்சியகத்தில் உளது.